எங்க ஆளு பிளேன் ஏறக் கூடாது

ஐயோ, அந்த பிரஷர் மிஷின எடுத்து வைங்க டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. சீட்டுல பிலோமினான்னு என் பேருதான் போட்டுக்கீது, வயசு அம்பத்தஞ்சுன்னும் போட்டுக்கீது, அல்லாம் கரெக்ட்டு. ஆனா பேஷண்ட் நான் இல்ல. பேஷண்ட் வெளிய பெஞ்சுல குந்திக்கினு காலண்டர் படிச்சிக்கினு கீறாரு. எங்க வூட்டுக்காரரு, மாணிக்கராஜ். அவர உள்ள கூப்புடறதுக்கு முன்னாடி உங்களாண்ட ஒரு பத்து நிமிஷம் பேசணும். கடைசி டோக்கனா கேட்டு வாங்கினதே அதுக்குத்தான். எனக்கு அப்பால யாரும் இல்ல, பாத்துட்டுதான் வந்தேன். உங்க கம்பவுண்டரு கூட டீ குடிக்கப் போயிட்டாரு.

கதவ சாத்தட்டா? அவருக்கு காது ரொம்ப ஷார்ப்பு. நான் கூப்புட்டா மட்டும்தான் கேக்காது.

ஒரு லெட்டர் வேணும் டாக்டரம்மா. மாணிக்கராஜ் பிளேன்ல போற நெலமைல இல்ல, போவக் கூடாதுன்னு ஒரு நாலு வரி. கீழ உங்க கையெழுத்து, சீலு. அவ்ளோதான்.

லீவு லெட்டரா? அவரு எங்க வேல செய்றாரு, லீவு போட? தங்க மைன்ஸ் மூடினப்ப வூட்டுக்கு வந்தவருதான். நடுவுல ஏ.டி.எம். வாசல்ல வாட்ச்மேனா கொஞ்ச நாளு. அங்க ஏ.சி. காத்து ஒத்துக்கலன்னு வந்துட்டாரு. மொதல்லருந்து சொல்றேன், இல்லன்னா என்ன தப்பா நெனப்பீங்க. முழுசா கேட்டாலும் தப்பாதான் நெனப்பீங்க, பர்வாயில்ல.

நான் ஒயிட்ஃபீல்டுல ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இருவத்திரண்டு வருஷமா காலைல ட்ரெயின், சாயங்காலம் ட்ரெயின். லேடீஸ் கம்பார்ட்மெண்டுல நாங்க மூணு பேரு ஒரு கேங்கு. நானு, எலைனு, கங்கம்மா. எலைன் ஒரு கேண்டீன்ல கேஷியரு, கங்கம்மா அபார்ட்மெண்டுல சமையலு. போறப்ப தூங்குவோம். வர்றப்ப ராத்திரி கொழம்புக்கு பீன்ஸ் நறுக்குவோம், பூண்டு உரிப்போம், வாயி சும்மா இருக்குமா, யாரையாவது சேத்து உரிப்போம்.

எங்க ஆபீஸ்ல ஒரு மேனேஜரு மேஜை மேல ஒரு பொம்ம கீது. ரெட்ட டவரு, வெள்ளிக் கலரு, இத்தினி ஒசரம். கீழ மலேசியான்னு எழுதிக்கீது. ஒம்பது வருஷமா அத தொடச்சி வைக்கிறது நான். அந்த மனுஷன் ஒரு நாள் அத திரும்பிப் பாத்தது இல்ல. ஒரு நாள் ட்ரெயின்ல சொன்னேன், அடியே, அந்த டவர ஒரு தபா நெஜத்துல பாக்கணும்டி, அத எவ தொடைக்கிறான்னு பாக்கணும்னு. சும்னே, வெளையாட்டுக்கு சொன்னதுதான். எலைன் கெட்டியா புடிச்சிக்கினா.

பாஸ்போர்ட்டு எடுத்தோம். போட்டோவுக்கு சிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க, கங்கம்மா போட்டோல மாட்டுக்கு லோன் கேக்கப் போனவ மாதிரி கீறா. ஒண்ணரை வருஷம் வாயக் கட்டி வயித்தக் கட்டினோம். எலைன் தலைக்கு டை அடிக்கறத நிறுத்தினா, அப்பதான் அவ வயசு எங்களுக்கே தெரிஞ்சிது. நான் சாயங்காலம் ஸ்டேஷன்லருந்து ஆட்டோவ வுட்டுட்டு நடந்தேன். டிக்கெட்டுக்கு எலைன் போனும் கையுமா குந்தினு இருந்தா, ஒரு நாள் மத்தியானம் வெல எறங்கிச்சின்னு கத்தினா பாருங்க, பக்கத்து சீட்டு கொழந்த அழுதுடுச்சி.

சல்லிசு டிக்கெட்டுதான். சல்லிசுன்னா எப்படி? சோறு கெடையாது, தண்ணி கெடையாது, ஜன்னல் சீட்டு வேணும்னா அதுக்கு தனி காசு. அவன் குந்துன்ற எடத்துல குந்தணும். மூச்சு வுடறதுக்கு மட்டும் இன்னும் காசு கேக்கல. மூட்ட ஏழு கிலோதான், அதுவும் கையிலயே எடுத்துக்கினு போவணும். பழைய பேப்பர் கட நாகேஷ் தராசுல வச்சிப் பாத்தோம். கங்கம்மா பையி பதினோரு கிலோ. இன்னாடின்னு தொறந்தா ராகி மாவு, ஊறுகா, ஒரு குட்டி குக்கரு. அவ ஊரு சுத்தப் போறாளா, குடித்தனம் போறாளா? நாகேஷு அத எடைக்கே போட்டுக்கறேன்னு கேட்டான்.

சிரிங்க, சிரிங்க. இது வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. அப்பதான் எங்க ஆளு ஒரு நாள் சோத்துல கைய வச்சிக்கினு, நானும் வரேன்னாரு.

எங்க வரேன்றீங்கன்னேன். மலேசியாவுக்குன்னாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்ற மாதிரி சொல்றாரு! பொம்பளைங்க மூணு பேரு போறோம், ஒரு ரூமு, ரெண்டு கட்டிலு, நடுவுல யாரு படுக்கறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு வச்சிக்கீறோம், இதுல நீங்க எங்கன்னேன். கேட்டாதானே? மறுநாளே ஸ்கூட்டர வித்துட்டாரு. அதுவும் ஒரு வருஷமா மூலைல நின்னுக்கினுதான் இருந்துது, கிக்கர ஒதைக்க முடியலன்னு. அந்தக் காச என் கைல வச்சி, எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு எலைனன்னாரு. அவசரமா பாஸ்போர்ட்டும் எடுத்து, டிக்கெட்டும் போட்டாச்சி. அவருக்கு ஆம்பளைங்க பத்து பேரு படுக்கற ரூமுல மேல் கட்டிலு.

அதுலருந்து எங்க ஸ்கெலட்டன் லைன்ல, அதான் மைன்ஸ்காரன் கட்டிக் குடுத்த வரிச வூடுங்க, அங்க தல காட்ட முடியல. தெருவுல போற வர்றவன் அல்லாருக்கும் சொல்லிட்டாரு. பிளேனு இன்னா பெரிய பிளேனு, மைன்ஸ்ல ஆளு எறங்கற கேஜு லிஃப்ட்டு மாதிரிதான், அது கீழ எறங்கும், இது மேல ஏறும், கதவ சாத்திட்டு மணி அடிச்சா போயிக்கினே இருக்கும்ன்றாரு. ஒம்பதாயிரம் அடி கீழ போயி வந்தவன்டா நானு, ஒம்பதாயிரம் அடி மேல போறது கஷ்டமான்றாரு. முப்பத்தஞ்சாயிரம் அடிங்கன்னு எலைன் சொன்னா. வெரல மடக்கி எண்ணிப் பாத்தாரு. அப்பால, அப்ப நாலு ஷிஃப்ட்டுன்னாரு.

ஃபாதரு வேற. ஞாயித்துக்கெழம பூசைல, நம்ம மாணிக்கராஜ் கடல் கடந்து போறாரு, அவருக்காக ஜெபிப்போம்ன்றாரு. நாங்க மூணு பேரு போறோமே, எங்களுக்கு ஜெபம் கெடையாது. அஞ்சு நாளு டூருதான் ஃபாதர்ன்னு நான் எழுந்து சொல்லலாம்னு பாத்தேன், எலைன் புடவைய புடிச்சி இழுத்து குந்த வச்சிட்டா.

அவரு பையில இன்னா கீதுன்னு கேளுங்க. டார்ச்சு லைட்டு. கயிறு. ரெண்டு கிலோ வெல்லம். எதுக்குய்யா கயிறுன்னா, கீழ போறவன் லைட்டும் கயிறும் இல்லாம போவ மாட்டான்ன்றாரு. நாம மேல போறோம்யான்னா, வழி அடஞ்சா அல்லாம் ஒண்ணுதான்ன்றாரு. வெல்லம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நீங்க சின்னப் பொண்ணு, இந்த ஊருக்குப் புதுசு. மைன்ஸ்ல வேல செஞ்சவங்க அல்லாரும் சாப்புடுவாங்க. கல்லுத் தூள மூக்கால இழுத்து இழுத்து நெஞ்சுல படிஞ்சிடும் இல்ல, டஸ்ட்டுன்னு சொல்லுவாங்க, வெல்லம் தின்னா அது அப்படியே கீழ எறங்கிப் போயிடுமாம். மைன்ஸ் மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது, இவரு இன்னும் தின்னுக்கினு கீறாரு. நல்லவேளை சக்கர வியாதி வரல.

சரி, விஷயத்துக்கு வரேன். எனக்கு அவரு வரக் கூடாது டாக்டரம்மா.

இன்னா அப்படி பாக்கறீங்க? கல்யாணம் ஆயி முப்பத்திநாலு வருஷம். இவர் கூட வெளிய போயிருந்தா தெரியும் உங்களுக்கு. வேளாங்கண்ணி போனோம். மாதாவ கும்புட உட்டாரா? லாட்ஜுகாரனாண்ட பக்கெட்டுக்கு சண்ட. நிக்கோல் கல்யாணத்துக்கு ஓசூர் போனோம், எங்க பொண்ணுதான், மோதிரம் போடற நேரத்துல என் கண்ணாடி எங்கன்றாரு. கண்ணாடி மூஞ்சியிலயே கீது. நான் அந்த டவரு கீழ நிக்கறப்ப, பிலோ தண்ணி எங்க, பிலோ மாத்திர எங்க, பிலோ இவன் இன்னா பாஷைல பேசறான்னு கேப்பாரு. நான் எப்ப டவர பாக்கறது? பொறந்ததுலருந்து அப்பாவுக்கு டீ, அண்ணனுக்கு டிபன், அவருக்கு சோறு, ஆபீஸ்ல நாப்பது பேரு மேஜை. அஞ்சே அஞ்சு நாளு. எவனோ சமைச்சத தின்னுட்டு, தட்ட அங்கயே வச்சிட்டு எழுந்து போவணும். இத கேட்டா நான் கெட்ட பொம்பளையா?

அதான், ஒரு லெட்டர். பிரஷருன்னு எழுதுங்க, காதுல ஏதோ கீதுன்னு எழுதுங்க, உங்களுக்குத் தெரியாததா? எங்க வூட்டுக்காரரு, டாக்டரு எழுதினா மறுபேச்சு பேச மாட்டாரு. நான் சொன்னா மட்டும்தான் ஆயிரம் கேள்வி. வியாழக்கெழம பிளேனு, இன்னிக்கு திங்கக்கெழம ஆயிடுச்சி.

இல்லன்றீங்களா?

கோவிச்சிக்காதீங்க. ஹௌது, ஆமா, செக் பண்ணாம எழுத முடியாது, பொய் எழுத முடியாது, உங்க ரெஜிஸ்டர் நம்பரு போயிடும். புரியுது. நான் ஒண்ணும் காசு குடுத்து எழுதச் சொல்லலியே. உக்காருங்க. எழுந்துக்காதீங்க டாக்டரம்மா, அவரு கதவு சத்தம் கேட்டா உள்ள வந்துடுவாரு.

சரி. அப்ப இத பாருங்க.

டிபன் பையில வச்சி எடுத்தாந்தேன், ஓரம் கொஞ்சம் மடங்கிக்கீது. வெளிச்சத்துல புடிங்க. உங்களுக்கு பாத்ததும் தெரியும். நான் ஏழாவதுதான் படிச்சேன், எனக்கே தெரிஞ்சிது. ரெண்டு பக்கமும் அரிசி எறைச்ச மாதிரி. மேல பாருங்க, அங்க கட்டியாவே கீது. பெங்களூருல ஒரு பெரிய ஆஸ்பத்திரில எடுத்தது, மூணு வாரம் ஆச்சி. பின்னாடி கவர்ல ரிப்போர்ட்டும் கீது.

ஆமா. அவரோடதுதான்.

நீங்க பொய் எழுத வேணாம். நெஜத்தயே எழுதுங்க.

அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரேன்னா ஓடிடுவாரு. எங்க லைன்ல அல்லாரும் அப்படித்தான். எத்தினியோ தபா கேம்ப் போட்டாங்க, வேன் வந்து வாசல்லயே நிக்கும், ஒரு ஆம்பள போவ மாட்டான். இருமிக்கினே ஒளிஞ்சிக்குவாங்க. இருமறதுல எங்க கீறாங்கன்னு தெரிஞ்சிடும், அது தனி. இந்த தபா நான் ஒரு வேல பண்ணேன். மலேசியாகாரன் எக்ஸ்ரே இல்லாம உள்ள வுட மாட்டான்னு சொன்னேன். நம்பிட்டாரு. சட்டைய கழட்டிட்டு மிஷின் முன்னாடி நின்னு, இதுக்காவது சிரிக்கலாமான்னு கேட்டாரு அந்தப் பொண்ண. மூச்ச இழுத்துப் புடிங்கன்னாங்க. புடிக்க முடியல. மூணு தபா எடுத்தாங்க. வெளிய வந்து, பாஸ் ஆயிட்டேனான்னாரு. ஃபர்ஸ்ட் கிளாஸுன்னு சொல்லிட்டேன்.

அந்த டாக்டரு என்ன மட்டும் தனியா கூப்புட்டாரு. பிளேன் உள்ள காத்து கொறச்சலா இருக்குமாமே, நல்ல நெஞ்சுக்கே அப்படி இப்படின்னு இருக்குமாம், இவருக்கு நடு ஆகாசத்துல பத்தாதுன்னாரு. ஒம்பதாயிரம் அடி கீழ, கல்லு சுடற எடத்துல நின்னு ட்ரில் அடிச்சவரு, அங்க ஒரு நாள் காத்து பத்தலன்னு வந்ததில்ல. எத்தினி நாளுன்னு நான் அந்த டாக்டர கேக்கல. கேட்டா சொல்லிடுவாரு.

சொல்லணும்தான். அவரு நெஞ்சு, அவருக்குத் தெரியணும். நீங்க சொல்றது நியாயம். ஆனா எங்க மூத்தாரு சகாயத்த நீங்க பாக்கல. இவருக்கு அண்ணன். ரெண்டு பேரும் மைன்ஸ்ல ஒரே ஷாஃப்ட்டு, ஒரே ஷிஃப்ட்டு. ரேஷன் அரிசி மூட்டைய தோள்ல போட்டுக்கினு பாட்டு பாடிக்கினு வர்ற மனுஷன். ஒரு எக்ஸ்ரே எடுத்து, டஸ்ட்டு ரொம்ப கீதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அன்னிக்கு வந்து படுத்தவருதான். சொம்பு தண்ணி தூக்க மாட்டேன்னுட்டாரு. நாப்பத்தியொரு நாளு, போயிட்டாரு. முந்தின நாளு மூட்ட தூக்கினவரு டாக்டரம்மா! அவருக்கு குளிப்பாட்டி, மழிச்சி வுட்டதல்லாம் எங்க அவருதான். அந்த வருஷத்துலருந்துதான் இவரு வெல்லம் திங்கறது.

அதனால இப்படி வச்சிக்கலாம். நீங்க லெட்டர் எழுதுங்க. மருந்தும் இன்னிக்கே ஆரம்பிங்க. நான் அவர கூப்புடறேன். நான் கொஞ்சம் திருட்டு முழி முழிக்கறேன், நீங்களும் முழிங்க. அவரு வெவரமான ஆளு, உடனே கண்டுபுடிச்சிடுவாரு. ஓஹோ, இவ என்ன கழட்டி வுடறதுக்கு டாக்டரம்மாவ புடிச்சி எழுதி வாங்கிட்டா, நான் நல்லாத்தான் கீறேன்னு நெனச்சிக்குவாரு. நெனச்சிக்கட்டும். எங்க லைன் பூரா சொல்லட்டும். ஸ்கூட்டர விக்க வச்சி புருஷன ஏமாத்திட்டு ஊரு சுத்தப் போனவன்னு எம் பேரு நாறட்டும், எனக்கு இன்னா போச்சு?

பொய் சொல்ல மாட்டேன்றீங்க. சொல்லாதீங்க. அவரு கேட்டா நெஜத்த சொல்லிடுங்க, நான் தடுக்க மாட்டேன். கேக்கலன்னா சும்மா இருங்க, அவ்ளோதான். நான் திரும்பி வந்ததும் நானே பக்கத்துல குந்தி சொல்றேன், சத்தியமா. ஆனா அவரு கேக்க மாட்டாரு. கேக்கறதா இருந்தா எத்தினியோ வருஷம் முன்னாடியே கேட்டிருப்பாரு.

நானா? நான் போறேனே.

அதெப்படி மனசு வரும்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். நான் போயே ஆவணும் டாக்டரம்மா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு நான் அவரு தலமாட்டுல குந்திக்கினேன்னு வைங்க, ஒரு மணி நேரத்துல அவருக்குத் தெரிஞ்சிடும். காசு போட்டு வாங்கினத நான் வேணாம்னு வுட்டதே கெடையாது. ஊசிப் போன உப்புமாவ கூட தாளிச்சித் திங்கறவ நானு. அந்த அஞ்சு நாளும் நிக்கோலு கொழந்தையோட வந்து இருப்பா, அவளாண்ட அல்லாம் சொல்லி வச்சிக்கீறேன். நான் போயி, அந்த டவரு முன்னாடி பல்ல இளிச்சிக்கினு போட்டோ எடுத்து அனுப்பணும். அத பாத்து இவருக்கு வயிறு எரியணும். தெருவுல நின்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டி என்ன திட்டணும். திட்டறதுக்கு மூச்சு வேணுமில்ல? எழுந்து வாசலுக்கு வரணுமில்ல? படுக்காம இருந்தா போதும் எனக்கு.

தனியா போவணும்னு சொன்னது பொய்யான்னா, அதுவும் பொய் இல்ல. ரெண்டும் நெஜந்தான். ஒண்ணரை வருஷமா எனக்கு அந்த ஆச இருந்துது, அவரு வரேன்னப்ப எரிச்சலா இருந்துது. இந்தப் படத்த பாத்தப்புறம் பாருங்க, அந்த மேல் கட்டில்ல ஏறிப் படுத்துக்கினு என் கண்ணாடி எங்க பிலோன்னு கத்த மாட்டாரான்னு இருக்கு. பயமா கீது டாக்டரம்மா. அங்க போயி எப்படி சிரிக்கறதுன்னு தெரியல. கங்கம்மா கிச்சுக்கிச்சு மூட்டுவா, பாத்துக்கலாம்.

வேணாம், தண்ணி வேணாம். முந்தான கீது. கண்ணு செவந்துக்கீதா? பர்வாயில்ல, சிரிச்சி சிரிச்சி வந்ததுன்னு சொல்லிக்கறேன்.

எழுதிட்டீங்களா? சீலு? அந்தப் படத்த உங்க ட்ராயர்லயே வச்சிக்கங்க, வூட்ல வைக்க எடம் இல்ல, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். உங்களுக்கு அங்கருந்து இன்னா வாங்கியாரட்டும்? ஏழு கிலோவுக்குள்ள சொல்லுங்க. கூப்புடறேன், தயாரா இருங்க. கொஞ்சம் தல குனிஞ்ச மாதிரி குந்துங்க, ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி. ஆங், அப்படித்தான்.

ஏங்க! உள்ள வாங்க, டாக்டரம்மா கூப்புடறாங்க. மெதுவா, மெதுவா வாங்க, பிளேனு ஒண்ணும் ஓடிப் போயிடாது.